டெக்ஸ் வில்லரின் முகம் மாறாதது எப்படி?

கேள்வி: லயன் காமிக்ஸில் இத்தாலிய கௌபாய் படக்கதையான டெக்ஸ் வில்லர் படித்து வளர்ந்தவன் நான். சொந்தமாக ஒரு கௌபாய் கதை வரைகிறேன். கட்டத்துக்குக் கட்டம் நாயகனின் முகம் மாறிப்போகிறது. அச்சிட்டால் கருப்புக் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. டெக்ஸை உருவாக்கிய ஓவியர் இதையெல்லாம் எப்படிச் சமாளித்தார்?

பதில்: நீங்கள் கேட்பது ஆரேலியோ கலெப்பினியைப் பற்றி. 'கலெப்' என்று கையெழுத்திட்டவர். 1917இல் இத்தாலியின் டஸ்கனியில் பிறந்தார். பெற்றோர் சார்டீனியாத் தீவுக்காரர்கள். 1948 செப்டம்பர் 30 அன்று, ஜியான்லூயிஜி பொனெல்லியின் கதைக்கு அவர் வரைந்த டெக்ஸ் முதன்முதலாக வெளியானது. அப்போது பதிப்பகம் பெரிதாக நம்பியிருந்தது 'ஓக்கியோ கூப்போ' என்ற வேறொரு தொடரை. அதைப் பகலில் வரைந்துவிட்டு, டெக்ஸை இரவில் வரைந்தார். பகல் வேலை சீக்கிரமே நின்றுபோனது; இரவு வேலை 1994இல் அவர் இறக்கும்வரை தொடர்ந்தது.

முகத்துக்கு வருவோம். ஹாலிவுட் நடிகர் கேரி கூப்பரின் சாயலில்தான் டெக்ஸின் முகத்தை அமைத்தார். பிறகு கதைகள் பெருகி வேறு ஓவியர்களும் வரையத் தொடங்கியபோது, விர்ஜிலியோ முட்ஸி போன்றவர்களின் பக்கங்களில் டெக்ஸ், அவன் தோழன் கார்சன் இருவரின் தலைகளையும் கலெப்பே வரைந்து கொடுத்தார். உடலை யார் வரைந்தாலும் முகம் ஒரே கையிலிருந்து வந்தது. 400ஆம் இதழ் வரை அட்டைப்படங்களும் அவருடையவையே.

உங்கள் முகம் மாறுவதற்குத் தொப்பிதான் காரணமாக இருக்கும். தொப்பி நெற்றியை மறைப்பதால், மிச்சமிருக்கும் இடத்தை முழு முகமாக நினைத்துக் கண்களை மேலே ஏற்றிவிடுகிறோம். முதலில் மொட்டைத் தலையை முழுசாக வரையுங்கள். உச்சிக்கும் தாடைக்கும் சரிபாதியில் கண்கோடு வரட்டும். பிறகு காதுக்குச் சற்று மேலே உட்காரும்படி தொப்பியை மாட்டுங்கள். நேர்முகம், முக்கால்முகம், பக்கவாட்டு, அண்ணாந்தது, குனிந்தது என ஐந்து கோணங்களையும் ஒரே தாளில் வரைந்து மேசைக்கு எதிரே ஒட்டிவையுங்கள். போன கட்டத்தைப் பார்த்து அடுத்ததை வரையாதீர்கள். ஒவ்வொரு முறையும் அந்தத் தாளையே பாருங்கள். நகலுக்கு நகல் எடுத்தால் பிழையும் கூடிக்கொண்டே போகும்.

இனி அச்சு. டெக்ஸ் மாத இதழின் பக்கம் 16 × 21 செ.மீ. அந்த அளவில் அச்சிடுவதானால் ஒன்றரை மடங்காக, 24 × 31.5 செ.மீ.யில் வரையுங்கள். 0.3 மி.மீ. கோடு அச்சில் 0.2 ஆகிவிடும். நெருக்கமாகப் போடும் நிழல்கோடுகளுக்கு நடுவே குறைந்தது 0.6 மி.மீ. வெள்ளை விடுங்கள், மட்டமான தாளில் மை கசியும்போது அந்த இடைவெளிதான் காப்பாற்றும். ஸ்கேன் செய்யும்போது சாம்பல் நிறத்தில் எடுக்காமல், 1200 டிபிஐயில் (அங்குலத்துக்கு 1200 புள்ளிகள்) வெறும் கருப்பு–வெள்ளையாக எடுங்கள். சாம்பலில் எடுத்தால் கோட்டின் ஓரம் புள்ளி புள்ளியாகச் சிதையும்.

சார்ட் பேப்பரில் மை ஊறும், அது வேண்டாம். வழுவழுப்பான கனத்த தாள் வாங்குங்கள். புது நிப்பில் எண்ணெய்ப் பூச்சு இருக்கும், துடைத்துவிட்டு மையில் தோயுங்கள். மை நன்றாகக் காய்ந்த பிறகு பென்சிலை அழியுங்கள். அழிக்கையில் கருமை வெளிறும். அதனால் பெரிய கருப்புப் பகுதிகளைக் கடைசியில், அழித்து முடித்த பிறகு பிரஷ்ஷால் நிரப்புங்கள்.