எக்கோவில் 60 வந்திருக்கிறது, ஆபரேஷன் தாங்குமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 74. பத்து வருடமாக பி.பி. மாத்திரை சாப்பிடுகிறார். நேற்று காலை குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. எக்கோ எடுத்ததில் ‘இ.எஃப். 60 சதவீதம், கிரேடு 1 டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன், மைல்ட் எம்.ஆர்., அயோர்டிக் வால்வு ஸ்கிளிரோசிஸ்’ என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. நாளைக்கே ஆபரேஷன் என்கிறார்கள். இதயம் 60 சதவீதம்தான் வேலை செய்கிறது என்றால் தாங்குமா? ஆஞ்சியோவும் பார்த்துவிட்டு அப்புறம் செய்யலாம் என்கிறார் அண்ணன். தேவைப்பட்டால் தியேட்டரிலும் எக்கோ பார்ப்போம் என்று மயக்க மருந்து டாக்டர் சொல்கிறார். இத்தனை தடவை எடுத்தால் கதிர்வீச்சு ஆபத்து இல்லையா?

பதில்: அவசரம் என்பதால் உங்களுக்கு அன்றைக்கே இரண்டு வரியில் பதில் அனுப்பிவிட்டேன். இதே ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு இதே பயத்தோடு நிற்கிறவர்கள் நிறைய பேர், அதனால் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அந்த 60. அது பரீட்சை மார்க் இல்லை. இதயத்தின் இடது கீழறையில் 100 மில்லி ரத்தம் நிரம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு துடிப்பில் அதில் 60 மில்லி வெளியே போகிறது, மீதி 40 உள்ளேயே தங்குகிறது, இதைத்தான் இ.எஃப். 60 என்று எழுதுகிறார்கள். ஓட்டப்பந்தய வீரருக்கும் ஏறக்குறைய இவ்வளவுதான் இருக்கும், 100 யாருக்கும் வராது. 55-க்கு மேலே என்றால் நார்மல். 40-க்குக் கீழே போனால்தான் நாங்கள் மயக்கம் கொடுக்கும் முறையிலிருந்து ஐ.சி.யூ. படுக்கை வரைக்கும் யோசிக்க ஆரம்பிப்போம், அப்போதும் ஆபரேஷனே கூடாது என்று அர்த்தம் இல்லை. அதற்காக 60 வந்தால் இதயத்தில் எந்தக் கோளாறும் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது, வால்வு கெட்டுப்போன இதயத்திலும் இந்த எண் அழகாகவே வரும்.

கிரேடு 1 என்பது, இதயம் சுருங்குவதில் குறை இல்லை, சுருங்கிய பிறகு தளர்ந்து விரிவதில்தான் கொஞ்சம் மெதுவு என்பதைச் சொல்கிறது. 74 வயதில், அதுவும் பி.பி. உள்ளவருக்கு, இது இல்லாமல் ரிப்போர்ட் வந்தால்தான் எனக்கு ஆச்சரியம். டிரிப்ஸ் அளவு மீறினால் நுரையீரலில் நீர் கோக்கும், குறைந்தால் பி.பி. இறங்கும், அதனால் பார்த்துப் பார்த்து ஏற்றுவார்கள். மைல்ட் எம்.ஆர். என்பது மைட்ரல் வால்வில் லேசான கசிவு. அதை விட்டுவிடலாம்.

கதிர்வீச்சுப் பயம் வேண்டாம். எக்கோ என்பது வயிற்றுக்கு எடுக்கிற அதே அல்ட்ராசவுண்ட்தான், வெறும் ஒலி அலை. 1953-இல் ஸ்வீடனில் எட்லர் என்ற டாக்டரும் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும், கப்பல் கட்டும் தளத்தில் உலோகத்தில் விரிசல் தேடுகிற கருவியை இதயத்தின் மேல் வைத்துப் பார்த்துத்தான் இதைத் தொடங்கினார்கள். பத்து தடவை எடுத்தாலும் கதிர்வீச்சு என்ற பேச்சே இல்லை.

தியேட்டரில் இது எதற்கு? ஆபரேஷன் நடுவில் திடீரென்று பி.பி. இறங்குகிறது என்று வையுங்கள். காரணம் ரத்த இழப்பாக இருக்கலாம், இதயத் தசை சோர்ந்திருக்கலாம், ரத்தக்கட்டியோ எலும்பு மஜ்ஜையின் கொழுப்போ நுரையீரலுக்குப் போயிருக்கலாம், எலும்பு சிமென்ட் வைக்கும்போதும் சிலருக்கு இப்படி ஆகும். மானிட்டர் எண் எல்லாவற்றிலும் ஒரே மாதிரிதான் விழும், வைத்தியம் மட்டும் நேர் எதிர். நெஞ்சில் புரோபை (எக்கோ மெஷினின் கைப்பிடி முனை) வைத்து இரண்டு நிமிடம் பார்த்தால், அறை காலியாகத் துடிக்கிறதா (திரவம் ஏற்று), மந்தமாகத் துடிக்கிறதா (திரவத்தை நிறுத்தி மருந்து கொடு), வலது பக்கம் வீங்கி நிற்கிறதா (நுரையீரலுக்குப் போன கட்டியோ கொழுப்போ அடைத்திருக்கலாம்) என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். உடல் பருமனாக இருந்தாலோ, பக்கவாட்டில் படுக்க வைத்திருந்தாலோ படம் சரியாகக் கிடைக்காது என்பது வேறு விஷயம். தொண்டை வழியாக உணவுக்குழாயில் குழாய் விட்டுப் பார்க்கிற எக்கோ ஒன்றும் உண்டு. இதய ஆபரேஷனில் வால்வைச் சரிசெய்த பிறகு கசிவு நின்றதா என்று அங்கேயே பார்க்க அது அருமையான கருவி. உங்கள் அம்மாவைப் போல முதுகில் ஊசி போட்டு, விழித்திருக்கும்போதே ஆபரேஷன் செய்கிறவருக்கு அதற்கு வேலை இல்லை.

அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள். எக்கோவில் ரத்தக்குழாய் அடைப்பு தெரியாது என்று அவர் நினைப்பது சரிதான். ஆனால் நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ இல்லாதவருக்கு, இ.சி.ஜி.யிலும் புதிதாக எதுவும் இல்லையென்றால், ஆஞ்சியோ பார்த்து என்ன செய்யப்போகிறோம்? ஸ்டென்ட் வைத்தால் ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரை தொடங்க வேண்டும், அதோடு இடுப்பு ஆபரேஷன் இன்னும் சிக்கலாகும். இதற்கிடையில் அவர் படுத்தே கிடப்பார்: சளி கட்டி நிமோனியா, காலில் ரத்தக்கட்டி, படுக்கைப்புண், ராத்திரியில் குழப்பமாகப் பேசுவது. முறிந்த இடுப்பை ஒன்றிரண்டு நாளுக்குள் சரிசெய்துவிட வேண்டும் என்பது இதனால்தான். நம் ஊரில் ‘ஹார்ட் ஃபிட்னஸ் வாங்கிட்டு வாங்க’ என்று நோயாளியை ஸ்ட்ரெச்சரில் அங்கும் இங்கும் அலைய விடுகிற பழக்கம் எனக்குப் பிடிப்பதே இல்லை. எக்கோவுக்காகக்கூட இந்த ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது, படுக்கைக்கே மெஷினைக் கொண்டுவந்து பார்க்கலாம்.

இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் வெளியேறுகிற வாசலான அயோர்டிக் வால்வை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன், ரிப்போர்ட்டில் நான் தேடுகிற வரி அதுதான். ஸ்கிளிரோசிஸ் என்றால் வால்வு தடித்திருக்கிறது, அடைக்கவில்லை. ஸ்டெனோசிஸ், அதாவது வால்வு குறுகி அடைக்கிறது என்று இருந்தால்தான் கதை வேறு. வால்வைக் கடக்கிற ரத்தத்தின் வேகம் வினாடிக்கு 4 மீட்டரைத் தொட்டாலோ, திறப்பு 1 சதுர சென்டிமீட்டர் அளவுக்குச் சுருங்கியிருந்தாலோ அது கடுமையான அடைப்பு. முதுகு ஊசி போட்டதும் ரத்தக்குழாய்கள் தளர்ந்து பி.பி. இறங்கும், குறுகிய வால்வு உள்ள இதயத்தால் அதை ஈடுகட்ட முடியாது. அப்போதும் ஆபரேஷன் நடக்கும், ஆனால் மணிக்கட்டு ரத்தக்குழாயில் ஊசி வைத்து ஒவ்வொரு துடிப்பின் பி.பி.யையும் பார்த்துக்கொண்டே மயக்கம் கொடுப்பார்கள். உங்கள் ரிப்போர்ட்டில் வேகம் இரண்டு, இரண்டரைக்குள் எழுதியிருந்தால் அந்தக் கவலை இல்லை. எதுவும் எழுதவில்லையென்றால் மயக்க மருந்து டாக்டரிடம் கேளுங்கள், அவரே புரோப் வைத்துப் பார்த்துவிடுவார்.

நீங்கள் எழுதாத ஒன்று இருக்கிறது. அம்மா வழுக்கி விழுந்தாரா, தலைசுற்றிக் கண் இருட்டி விழுந்தாரா? இதற்கு முன்னால் மாடிப்படி ஏறும்போது எப்போதாவது மயக்கம் வந்திருக்கிறதா? அந்த வால்வு அடைப்பு சில பேருக்கு முதல்முதலாக இப்படித்தான் தெரியவரும், இதயத்துடிப்பு நடுவில் நின்று போகிற கோளாறும் அப்படித்தான். வீட்டில் எல்லோரும் ‘வழுக்கிட்டாங்க’ என்று சொல்லி முடித்துவிடுவோம். அம்மாவிடமே உட்கார்ந்து கேளுங்கள், அவர் சொல்வதை ஆபரேஷனுக்கு முன்னாலேயே மயக்க மருந்து டாக்டர் காதில் போடுங்கள்.