பழைய செட்டிநாட்டு வீட்டில் நல்ல ஆம்ப்ளிஃபையர் வைக்க கரண்ட் ஏற்பாடு எப்படி இருக்க வேண்டும்?

காரைக்குடி பக்கத்துப் பூர்வீக வீட்டில் ஆம்ப்ளிஃபையரும் பெரிய ஸ்பீக்கரும் வைக்கப் போகிறீர்கள், பவர் கண்டிஷனர் (கரண்டில் வரும் இரைச்சலை வடிகட்டும் பெட்டி) வாங்கலாமா, விலை கூடிய பவர் கார்டு வாங்கலாமா, ஆம்ப்புக்கென்று தனி லைன் இழுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கண்டிஷனரும் கார்டும் இப்போதைக்கு வேண்டாம். அந்தப் பணத்தை முதலில் எர்த்துக்குப் போடுங்கள்.

உங்கள் வீட்டை நான் பார்த்ததில்லை. ஆனால் நம் பக்கத்து வீடு என்றால் அநேகமாக இப்படித்தான் இருக்கும். முகப்பில் மீட்டர், சுவரில் தேக்குச் சட்டத்தின் மேல் ஓடும் பழைய வயர், பீங்கான் கட்அவுட் (பியூஸ் கட்டை). வருஷத்தில் முக்கால்வாசி பூட்டிக் கிடக்கும், கல்யாணம் காட்சி என்றால் அத்தனை லோடும் ஒரே நாளில் ஏறும். வயர் போட்ட காலத்தில் பேஸ், நியூட்ரல் என்று இரண்டுதான். பிற்பாடு மூன்று பின் பிளக் வந்ததும் சாக்கெட்டை மட்டும் மாற்றிவிட்டுப் போனார்கள்.

பள்ளத்தூரில் எங்கள் அப்பத்தா வீட்டில் இதுதான் நடந்தது. அப்பச்சி சேர்த்து வைத்த இசைத்தட்டுகளைக் கேட்பதற்காகவே ஓர் ஆம்ப்ளிஃபையர் கொண்டுபோய் இரண்டாம் கட்டில் வைத்தேன். தனியாக ஓடும்போது சத்தமே இல்லை. லேப்டாப்பை அடுத்த அறை சாக்கெட்டில் செருகி ஆம்ப்புடன் இணைத்தால் ம்ம்ம் என்று இரைச்சல். பிரிட்ஜ் ஓட ஆரம்பித்தால் இரைச்சல் இன்னும் கூடும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். "லைட் எரியுது, பேன் ஓடுது, எர்த் எல்லாம் எதுக்குண்ணே?" என்றார். மச்சான் ஒருவர், பிளக்கில் எர்த் பின்னை உடைத்துவிட்டால் இரைச்சல் போய்விடும் என்றார்.

போகும்தான், மறுக்கவில்லை. ஆனால் உள்ளே டிரான்ஸ்பார்மரில் இன்சுலேஷன் போய் பேஸ் பெட்டியைத் தொட்டால், 230 வோல்ட் அந்த இரும்பு உடம்பில் நிற்கும். நம் வீடுகளில் ஆத்தங்குடித் தரையில் வெறுங்காலோடு நடக்கிறோம், தினமும் ஈரத் துணியால் துடைக்கிறோம். யார் சொன்னாலும் அந்தப் பின்னை உடைக்காதீர்கள்.

மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 224, பேஸுக்கும் எர்த்துக்கும் அதே 224, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் சுத்தமாக 0. பார்ப்பதற்கு அருமையான எர்த். ஆனால் அயர்ன் பாக்ஸைப் போட்டுப் பார்த்தாலும் அந்த 0 அசையவில்லை. அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. உண்மையான எர்த் என்றால் லோடு ஏறும்போது நியூட்ரல் கொஞ்சமாவது நகர்ந்து காட்டும். மெயினை அணைத்துவிட்டுச் சாக்கெட்டைக் கழற்றினால், நியூட்ரல் ஸ்குரூவிலிருந்து எர்த் ஸ்குரூவுக்கு விரல் நீளத்தில் ஒரு சிவப்பு வயர்த் துண்டு. யாரோ சாக்கெட்டுக்குள்ளேயே இரண்டையும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள்!

அந்தத் துண்டு வயரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் ஆறவில்லை. வழியில் எங்கேயாவது நியூட்ரல் விட்டுப்போனால் ஆம்ப்ளிஃபையரின் உடம்பு முழுக்கக் கரண்ட் ஏறும். பழைய கட்அவுட்களில் நியூட்ரலிலும் பியூஸ் வைத்திருப்பார்கள், அது ஒன்று போனாலே போதும். எங்கள் வீட்டு இரைச்சலுக்கும் இதே வேலைதான் காரணம். ஒவ்வொரு சாக்கெட்டிலும் நியூட்ரலின் வோல்டேஜ் கொஞ்சம் கொஞ்சம் மாறும். அந்த வித்தியாசம் ஆடியோ கேபிளின் உறை வழியாக ஓடி ஸ்பீக்கரில் இரைச்சலாக வருகிறது. லட்ச ரூபாய் பவர் கார்டு இதைத் தீர்க்காது.

அந்தத் துண்டு வயரை எடுத்துவிட்டு, கொல்லையில் கிணற்றடிக்குப் பக்கத்தில் புதிதாக எர்த் குழி போட்டு, அங்கிருந்து சாக்கெட்டுக்கு எர்த் வயர் இழுத்தோம். எட்டடிக்கு மேல் ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்), சுற்றிலும் கரியும் உப்பும். நம் மண் கோடையில் காய்ந்துபோகும், அதனால் அவ்வப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும், ஈரம் விழும் இடமாகப் பார்த்துத் தோண்டுங்கள். மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே அணைந்துவிடும் சுவிட்ச்) போட்டோம். நியூட்ரல் பியூஸை எடுத்துவிட்டு நேர் லிங்க் கொடுத்தோம். இரைச்சல் நின்றது. ஆடியோவுக்கென்று தனிக் குழி போடச் சொல்பவர்கள் உண்டு. வீட்டு எர்த்தோடு சேராத தனி எர்த் இடி மின்னல் நேரத்தில் ஆபத்து. வீட்டுக்கு ஒரே எர்த் அமைப்புதான் இருக்க வேண்டும்.

தனி லைன் கேட்டிருந்தீர்கள். இழுக்கலாம், நம் வீடுகளின் நீளத்துக்கு அது நியாயம்தான். முகப்பிலிருந்து பின்கட்டுக்கு 40 மீட்டர் என்று வையுங்கள். 1 சதுர மி.மீ. செம்பு வயரில் 10 ஆம்பியர் ஓடினால் போக வர 14 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். 4 சதுர மி.மீ. போட்டால் 4 வோல்ட்டுக்குள் அடங்கும். பெரும்பாலான ஆம்ப் சாதாரணமாகக் கேட்கும்போது 100 வாட்கூட இழுக்காது. தொந்தரவு தண்ணி மோட்டாரும் பிரிட்ஜும்தான், அவை இருக்கும் லைனில் ஆம்ப்பைச் சேர்க்காதீர்கள்.

ஆனால் லைன் இழுக்கிறேன் என்று சுவரை மட்டும் வெட்டவிடாதீர்கள். முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்துத் தேய்த்த பூச்சு அது, கையை வைத்தால் கண்ணாடி மாதிரி வழுக்கும். கண்டனூரில் சொந்தக்காரர் வீட்டில் ஒரு கான்ட்ராக்டர் கிரைண்டரை வைத்து மேலிருந்து கீழ்வரை கிழித்துவிட்டு, சிமெண்டை அப்பி, மேலே எமல்ஷன் அடித்துவிட்டுப் போனார். அந்தப் பூச்சு வேலை தெரிந்த கொத்தனார் இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள்? பங்காளிகள் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஆளுக்கொரு ஏ.சி. பாயிண்ட் கிடைத்தால் போதும் என்று இருந்துவிட்டார்கள். எனக்கு அது ஆறவே இல்லை. சுவரை வெட்டாமல் அதன் மேலேயே கேசிங் கேப்பிங் (வயரை உள்ளே வைத்து மூடும் பட்டை) போட்டால் ஒரு குறையும் வராது.

ஸ்டெபிலைசரைப் பற்றிச் சுருக்கமாக: சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் வோல்டேஜ் பாருங்கள். 207-க்குக் கீழே போகாமலும் 253-ஐத் தாண்டாமலும் இருந்தால் தேவையில்லை. சதுர அலை இன்வெர்ட்டரில் ஆம்ப்பைப் போடாதீர்கள், டிரான்ஸ்பார்மர் கத்தும்; சைன் வேவ் என்றால் சரி. சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து சொந்தக்காரர்கள் கொண்டுவந்த பெட்டி என்றால் வோல்டேஜ் ஒத்துப்போகும், ஆனால் தட்டைப் பின்னுக்குப் போடும் மலிவு பிளக் கன்வெர்ட்டரில் பெரும்பாலும் எர்த் தொடர்பு இருக்காது, பிளக்கையே மாற்றிவிடுங்கள். ஜப்பானிலிருந்து வந்த 100 வோல்ட் பெட்டியை நேராகச் செருகவே கூடாது.

கண்டிஷனர் எல்லாமே வீண் என்று நான் சொல்லவில்லை. அதில் காது பழகியவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். எர்த் சரியான பிறகும் குறை தெரிந்தால் தாராளமாக வாங்கட்டும்.

லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து, அயர்ன் பாக்ஸ் ஓடும்போதும் ஓடாதபோதும் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே எத்தனை வோல்ட் என்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு எண்களையும் கீழே கமெண்டில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.