பியூமிஸ் ஜெல் பம்ப்பை அடைக்கிறது, பெட்ரோலில் கழுவினால் கை வெடிக்கிறது: என்ன செய்யலாம்?

உங்கள் பம்ப்பில் பழுது இல்லை நண்பரே. கையில் படிந்த கிரீஸைப் போக்கும், பியூமிஸ் (எரிமலைக் கல்) துகள் கலந்த ஜெல்லைச் சாதாரண ஹேண்ட்வாஷ் பாட்டிலில் ஊற்றினால் இப்படித்தான் ஆகும். பம்ப்புக்குள் இருக்கும் சின்னக் குண்டுக்கு அடியில் ஒரு துகள் சிக்கினால் போதும், வால்வு மூடாது. அழுத்த அழுத்தக் காற்றுதான் வரும். தண்ணீர் விட்டு இளக்காதீர்கள். துகள் அடியில் படிந்து குழாய் வாயையே அடைத்துவிடும்.

ஜெல்லை அகலவாய் டப்பாவுக்கு மாற்றி, ஒரு பிளாஸ்டிக் கரண்டி போட்டு வையுங்கள். வீட்டுப் பட்டறைக்கு அதுவே போதும். பம்ப்தான் வேண்டுமென்றால் துகள் ஜெல்லுக்கென்றே வரும் அகலத் துளை பம்ப் வாங்குங்கள். பழைய பம்ப்பை வெந்நீரில் இருபது தடவை அடித்துக் கழுவி, துகள் இல்லாத சோப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

முக்கியமானது, ஜெல்லை உலர்ந்த கையில் போட வேண்டும். பலரும் முதலில் கையை நனைத்துவிடுகிறார்கள். அப்போது ஜெல் நீர்த்துப்போய் கிரீஸைப் பிடிக்காது. ஒரு தேக்கரண்டி எடுத்து, நகக்கண் வரை ஒரு நிமிடம் தேய்த்து, கிரீஸ் கரைந்து வழவழப்பானதும் கொஞ்சம் தண்ணீர் விட்டுத் தேய்த்து அலசுங்கள்.

பெட்ரோலை இன்றோடு விட்டுவிடுங்கள். தோலின் எண்ணெய்ப் பசையை அது உரித்தெடுப்பதால்தான் வெடிப்பு. தீ அபாயம் வேறு. வெடிப்பு ஆறும்வரை துகள் ஜெல்லும் வேண்டாம், புண்ணில் பட்டால் கை எரியும். சமையல் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு மென்மையான சோப்பால் கழுவுங்கள். வேலைக்கு நைட்ரைல் (செயற்கை ரப்பர்) கையுறை போடுங்கள்.