கேள்வி பதில்: நேர ஒத்திசைவைக் கண்காணிக்கும் சேவை

கேள்வி: என் கணினிக்கும் நேர சர்வர்களுக்கும் இடையே போய்வரும் என்டிபி (வலையமைப்பு வழியே கடிகாரங்களை ஒத்திசைக்கும் நெறிமுறை) பாக்கெட்டுகளைப் பதிவுசெய்ய, பின்னணியில் ஒரு சேவையை ஓடவிட்டிருக்கிறேன். சில இடங்களில், கோரிக்கை கிளம்பும் முன்பே பதில் வந்துவிட்டதாகப் பதிவாகிறது. ஏன்?

பதில்: பிடிபடும் பாக்கெட்டுக்கு இயங்குதளத்தின் மையமான கெர்னல் இடும் நேரமுத்திரை, வழக்கமாகக் கணினிக் கடிகாரத்திலிருந்து வருவது. அதே கடிகாரத்தைத்தான் என்டிபி திருத்திக்கொண்டும் இருக்கிறது. விலகல் 128 மில்லிவினாடிக்கு மேல் நீடித்தால், கணினியில் என்டிபியை இயக்கும் நிரலான என்டிபிடி அதை மெல்லச் சரிசெய்யாமல் ஒரேயடியாக நகர்த்திவிடும். ஒரு சர்வரின் பதிலை நம்பிக் கடிகாரம் பின்னால் போகும்போது, இன்னொரு சர்வரின் பதில் வழியிலேயே இருந்தால், நீங்கள் கண்ட விநோதம் நடக்கும்.

கால இடைவெளியை மோனோடோனிக் கடிகாரத்தால் அளவிடுங்கள். அது பின்னோக்கிப் போகாது. கணினி நேரத்தையும் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சட்டென்று மாறினால், கடிகாரம் நகர்த்தப்பட்ட தருணம் அதுதான். இந்த ஒரு வரிக்காகவே இப்படியொரு சேவையை ஓடவிடலாம் என்பது எங்கள் கருத்து.

கோரிக்கையையும் பதிலையும் வந்த வரிசைப்படி ஜோடி சேர்க்க வேண்டாம். கோரிக்கையின் 'அனுப்பிய நேரம்' புலத்தில் உள்ள 64 பிட்டுகள், பதிலின் 'தொடக்க நேரம்' புலத்தில் அப்படியே திரும்பி வரும். அதை வைத்துச் சேருங்கள். சில கிளையண்டுகள் (நேரம் கேட்கும் நிரல்கள்) பாதுகாப்புக்காக அந்த இடத்தில் வெறும் தற்செயல் எண்ணை இடுவதால், அதை நேரமாக எடுத்துக்கொண்டு கணக்குப் போடக்கூடாது.

கேள்வி: ஐந்து நிமிடம் பாக்கெட் வராவிட்டால் எச்சரிக்கை அனுப்பும்படி வைத்தேன். ஓயாமல் வருகிறது.

பதில்: கடிகாரம் நிலைப்பட நிலைப்பட, கேட்கும் இடைவெளி 64 வினாடியிலிருந்து 1024 வினாடி வரை, அதாவது சுமார் 17 நிமிடம் வரை நீளும். உங்கள் வரம்பில், நலமாக இருக்கும் கணினிதான் அதிகம் அலறும். ஒவ்வொரு பாக்கெட்டிலும் அப்போதைய இடைவெளி 2-இன் அடுக்காக எழுதப்பட்டிருக்கும். 10 என்றால் 1024 வினாடி. அதைப் படித்து, மூன்று நான்கு முறை தொடர்ந்து பதில் தவறினால் மட்டும் எச்சரியுங்கள்.

பதில் வந்தாலே போதும் என்றும் இருக்காதீர்கள். ஸ்ட்ராட்டம் (மூலக் கடிகாரத்திலிருந்து சர்வர் எத்தனை படி தள்ளியிருக்கிறது என்ற எண்) 0 என்று வந்தால் அந்தப் பதிலில் பயன்படும் நேரம் இல்லை. அதன் அடையாளப் புலத்தில் 'ரேட்' என்ற குறி இருந்தால், அளவுக்கு மீறிக் கேட்கிறீர்கள் என்று சர்வர் சொல்கிறது, இடைவெளியைக் கூட்டுங்கள்.

கேள்வி: போர்ட் 123 வழியாகத் திடீரென்று பெரிய பாக்கெட்டுகள் வெளியே பாய்கின்றன.

பதில்: சாதாரண என்டிபி செய்தி 48 பைட், சரிபார்ப்புக் குறியீடு சேர்ந்தால் கூடும், எனவே அளவை மட்டும் பார்க்காமல் முதல் பைட்டின் கடைசி மூன்று பிட்டுகளையும் பாருங்கள். 3 கோரிக்கை, 4 பதில். 7 என்றால் 'மான்லிஸ்ட்' கட்டளையாக இருக்கலாம்: பழைய என்டிபிடி, சமீபத்தில் தன்னிடம் பேசிய 600 முகவரிகள் வரை நூறு பாக்கெட்டுகளில் கொட்டும். தாக்குபவர்கள் போலி முகவரியிலிருந்து கேட்டு, அந்த வெள்ளத்தை வேறொருவர் மேல் திருப்பிவிடுவார்கள். 4.2.7பி26-க்கு முந்தைய பதிப்பானால் உடனே புதுப்பியுங்கள். அதுவரை அமைப்புக் கோப்பில் 'நோகுவெரி' தடையைச் சேருங்கள். நேரம் கேட்பவர்களுக்கு அதனால் எந்த இடைஞ்சலும் இல்லை.