முதலில் ஹெல்மெட், கடைசியில் கார்: ராலி ஓட்ட ஆசைப்படுகிறவர்களின் கேள்விகள்

கார் ராலி பற்றி வந்த கடிதங்கள் சேர்ந்துகொண்டே போகின்றன. கேட்டவர்களில் பெரும்பாலோர் இன்னும் ஒரு போட்டியைக்கூட நேரில் பார்க்காதவர்கள், ஆனால் பணத்தைக் கட்டிவிட்டவர்கள். அதனால் இந்த முறை முழுப் பகுதியும் இதற்கே.

கேள்வி (திருப்பூர்): வயது 24. பனியன் கம்பெனியில் வேலை. ராலி ஓட்ட வேண்டும் என்பது பள்ளிக்கால ஆசை. ஐந்து லட்சம் சேர்த்து வைத்திருக்கிறேன். எந்தக் கார் வாங்கலாம்?

இப்போதைக்கு எந்தக் காரும் வேண்டாம்.

ராலி என்று நாம் சொல்வதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, டிவியில் பார்ப்பது: மூடிய மண் ரோட்டில் ஒவ்வொரு காராக விட்டு, யார் குறைந்த நேரத்தில் கடக்கிறார்கள் என்று பார்க்கும் ஸ்டேஜ் ராலி. இதற்கு, உருண்டாலும் நசுங்காதபடி உள்ளே கம்பிக் கூண்டு போட்ட கார், ஃபயர் சூட், லைசென்ஸ் எல்லாம் வேண்டும். இன்னொன்று டிஎஸ்டி, அதாவது நேரம்-வேகம்-தூரம் பார்க்கும் ராலி. இதில் வேகம் முக்கியமில்லை. சராசரி 36 கிலோமீட்டர் வேகத்தில் போகச் சொன்னால், 9 கிலோமீட்டர் தாண்டும்போது கடிகாரத்தில் சரியாக 15 நிமிடம் ஆகியிருக்க வேண்டும். தாமதமாக வந்தாலும் தண்டப் புள்ளி, முன்னால் வந்தாலும் தண்டப் புள்ளி. இதை வீட்டுக் காரிலேயே ஓட்டலாம். பக்கத்தில் கணக்குத் தெரிந்த ஒரு நண்பர் உட்கார்ந்தால் போதும். முதல் வருடம் அதைச் செய்யுங்கள். ரோடு புக் என்ற வழிக் குறிப்பைப் படிக்கவும், பக்கத்தில் இருந்து வழி சொல்லும் நேவிகேட்டரை நம்பவும், களைப்பிலும் கவனம் சிதறாமல் ஓட்டவும் அங்கேதான் கற்றுக்கொள்ள முடியும்.

நீங்கள் இருக்கும் ஊரும் நல்ல ஊர். பக்கத்துக் கோவைதான் இந்த விளையாட்டின் பழைய வீடு. செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. தேசிய ராலியின் கோவைச் சுற்று கேத்தனூர் காற்றாலைப் பாதைகளில் நடந்திருக்கிறது, அது உங்களுக்குக் கூப்பிடு தூரம். போட்டி நடக்கும்போது பாதையோரம் பாதுகாப்பு பார்க்கும் மார்ஷலாகப் போய் நில்லுங்கள். கிளப்புகளுக்கு எப்போதும் ஆள் தேவை. சென்னையில் 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் இருக்கிறது, சவுத் இந்தியா ராலியை நடத்துகிறவர்கள் அவர்கள்தான். பெங்களூரில் கர்நாடகா மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் கே-1000 ராலி இருக்கிறது. ஒரு நாள் முழுக்க, கார்களைப் பழுது பார்க்கும் சர்வீஸ் பார்க்கில் நின்று பார்த்தால், கார் வாங்கிய பிறகு ஆகும் செலவு தெரியும். என்ட்ரி ஃபீஸ், டயர், பெட்ரோல், கூட வரும் மெக்கானிக்கின் சம்பளம், காரை ஏற்றிப் போகும் லாரி வாடகை, அப்புறம் கல்லில் அடித்து வளைந்த சஸ்பென்ஷன் ஆர்ம். ஐந்து லட்சத்தையும் காரில் போட்டவர், முதல் சுற்றிலேயே நின்றுபோவார்.

ஸ்டேஜ் ராலிதான் வேண்டும் என்று முடிவானதும், இந்திய மோட்டார் விளையாட்டுச் சம்மேளனமான எஃப்எம்எஸ்சிஐயின் லைசென்ஸுக்கு மருத்துவச் சான்றோடு விண்ணப்பியுங்கள். அந்த வருட விதிப் புத்தகத்தை வாங்கிப் படியுங்கள். பிறகு ஹெல்மெட், கழுத்தைக் காக்கும் ஹான்ஸ், சூட். கார் கடைசி.

கேள்வி (நாகர்கோவில்): ஐஎஸ்ஐ முத்திரை உள்ள பைக் ஹெல்மெட் புதிதாக வாங்கினேன். ராலிக்குப் போதுமா?

போதாது. கார் போட்டிக்கான ஹெல்மெட் தீப்பிடித்தாலும் தாங்க வேண்டும், கூண்டின் கம்பியில் ஒரே இடத்தில் மறுபடி மறுபடி மோதினாலும் தாங்க வேண்டும். அமெரிக்க ஹெல்மெட் தர அமைப்பான ஸ்னெல்லின் முத்திரையில் ‘எஸ்ஏ’ என்று இருந்தால் கார், ‘எம்’ என்று இருந்தால் பைக். உலக மோட்டார் விளையாட்டு அமைப்பான எஃப்ஐஏவின் முத்திரை என்றால் 8859 அல்லது 8860 என்ற எண்ணைப் பாருங்கள்.

கேள்வி (சேலம்): போட்டிக்குத் தயாரான கார் என்று சொல்லி, ஒரு பட்டறைக்காரர் எனக்கு ஒரு கார் விற்றார். 4.2 லட்சம் பேங்க் மூலம் அனுப்பினேன். பில் தரவில்லை. ‘கூண்டு எஃப்எம்எஸ்சிஐ ஸ்பெக்’ என்று வாட்ஸாப்பில் எழுதியிருந்தார். போட்டிக்கு முன் நடக்கும் ஸ்க்ரூட்டினி சோதனையில் கூண்டு குழாய் மெல்லியது என்று காரைத் திருப்பிவிட்டார்கள். இப்போது ‘பார்த்துத்தானே வாங்கினீர்கள்’ என்கிறார். என் தவறுதானா?

இல்லை. குழாயின் உள் கனத்தைக் கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. சொல்லை நம்பித்தான் வாங்கினீர்கள், அந்தச் சொல்லை எழுத்தில் கொடுத்தவர் அவர். இது உங்களை ஏமாற்றிய வழக்கு. எனக்கு உங்கள் பணத்தைவிட அதிகம் கோபம் தருவது, அந்தக் கூண்டை நம்பி நீங்கள் ஸ்டேஜில் இறங்கியிருப்பீர்கள் என்பதுதான். உங்களைத் திருப்பி அனுப்பிய அதிகாரிக்கு நன்றி சொல்லுங்கள்.

எஃப்ஐஏ விதி என்ன கேட்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். தையல் இல்லாத, குளிர் முறையில் இழுத்த கார்பன் ஸ்டீல் குழாய். டிரைவர் முதுகுக்குப் பின்னால் வரும் பெரிய வளைவு 45 மி.மீ. விட்டத்தில் 2.5 மி.மீ. கனம், இல்லாவிட்டால் 50 மி.மீ. விட்டத்தில் 2 மி.மீ. கனம். மற்ற கம்பிகள் 38க்கு 2.5 அல்லது 40க்கு 2. கூண்டின் கால் காரின் தரைத் தகட்டோடு சேரும் இடத்தில் 3 மி.மீ. தகடு, குறைந்தது 120 சதுர செ.மீ. பரப்பு. மலிவாகச் செய்கிறவர்கள் மடித்து வெல்டு வைத்த சாதாரணக் குழாயைப் போட்டு, மேலே பெயின்ட் அடித்துவிடுகிறார்கள். குழாயின் வெட்டிய முனையில் விரலை விட்டால் உள்ளே நீளமாக ஒரு வெல்டு கோடு தட்டுப்படும்.

இனி செய்ய வேண்டியது. கூண்டை வெட்டி எடுக்காதீர்கள், அதுதான் சாட்சி. ஸ்க்ரூட்டினி குறிப்பை எழுத்தில் வாங்குங்கள். குழாய் கனத்தை அல்ட்ராசோனிக் மீட்டரில் அளக்கும் இடத்தில் அளந்து அறிக்கை வாங்குங்கள். வாட்ஸாப் உரையாடலை அழிக்காமல் போனோடு வையுங்கள். அதைச் சாட்சியாக வைக்க புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63ஆம் பிரிவின்படி ஒரு சான்று இணைக்க வேண்டும். பில் இல்லையே என்று பயப்பட வேண்டாம், பேங்க் பரிமாற்றமே பணம் கொடுத்ததற்கு ஆதாரம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் எண்ணில் புகார் பதியுங்கள். கூடவே, பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ். பதினைந்து நாளில் பதில் இல்லையென்றால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரே போதும், அவருடைய ஊருக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் இல்லை. இரண்டு வருடக் கெடு இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள்.

பட்டறைக்காரர் தொழிலாக விற்றதால்தான் இந்த வழி. இதே காரை ஒரு தனி ஆள் தன் சொந்தக் காராக விற்றிருந்தால் நுகர்வோர் ஆணையம் பெரும்பாலும் ஏற்காது, சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

கேள்வி (வேலூர்): சத்தமான எக்ஸாஸ்ட் போட்டால் பவர் கூடுமா சார்?

அது மட்டும் போட்டால் பவர் ஏறாது. ரோட்டில் ஓட்டினால் அபராதம் உண்டு.

கேள்வி (சென்னை, அண்ணாநகர்): ஆன்லைனில் ‘ரேஸிங் ஸ்டைல் ஃபோர் பாயின்ட் பெல்ட்’ 2,800 ரூபாய்க்குக் கிடைக்கிறது. பெரிய கம்பெனி பெல்ட் பல மடங்கு விலை. இரண்டும் துணிதானே? நண்பர் ஒருவர் காலாவதியான பெரிய கம்பெனி பெல்ட்டைப் பாதி விலைக்குத் தருகிறார். எது நல்லது?

இரண்டும் வேண்டாம்.

இந்த ‘ஸ்டைல்’ வியாபாரம்தான் பல வருடமாக என் மனதை அரிக்கிறது. சீட் கவருக்கு ஸ்டைல் இருக்கலாம், ஸ்டிக்கருக்கு இருக்கலாம். உயிரைப் பிடித்து வைக்க வேண்டிய பொருளுக்கு ‘ஸ்டைல்’ என்று ஒரு சொல்லை முன்னால் ஒட்டி விற்பது பச்சை ஏமாற்று. கேட்டால், ‘நாங்கள் ரேஸிங் பெல்ட் என்று சொல்லவில்லையே, ரேஸிங் ஸ்டைல் என்றுதானே சொன்னோம்’ என்பார்கள். எனக்கே நேரில் சொன்ன பதில் இது. ஆரம்ப காலத்தில் ஒரு கடையில் சிவப்புப் பெல்ட் ஒன்று வாங்கினேன். லேபிளில் எஃப்ஐஏ என்ற எழுத்து பளிச்சென்று இருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் தர எண்ணும் இல்லை, வரிசை எண்ணும் இல்லை. தோள் பட்டையை இறுக்கிவிட்டு இரண்டு கையாலும் இழுத்தேன், கொக்கியிலிருந்து நழுவி வந்தது. கையால் இழுத்ததற்கே நழுவுகிற பட்டை, மரத்தில் கார் மோதும்போது எழுபது கிலோ உடம்பை எப்படி நிறுத்தும்? கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை. அந்தப் பெல்ட்டை வெட்டிப் போட்டேன், இன்னொருவர் கைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக.

நாலு முனை பெல்ட்டில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. மோதும் நொடியில் தோள் பட்டை இடுப்புப் பட்டையை மேலே இழுக்கும். இடுப்பெலும்பில் இருக்க வேண்டிய பட்டை வயிற்றுக்கு ஏறும், உடம்பு அடியில் வழுக்கும். கால்களுக்கு இடையே வரும் பட்டைகள் இதைத் தடுக்கத்தான். எஃப்ஐஏ 8853-2016 தரத்தில் ஆறு முனை கேட்பதற்குக் காரணம் இதுவே. கூண்டு இல்லாத வீட்டுக் காரில் இப்படி உடம்பை நிமிர்த்திக் கட்டி வைத்தால், கார் உருளும்போது கூரை நசுங்கி இறங்கும், தலை விலக இடம் இருக்காது. அந்தக் காருக்கு கம்பெனி கொடுத்த பெல்ட்டே பாதுகாப்பு.

காலாவதியான பெல்ட் பற்றி: வெயிலும் வியர்வையும் நூலைத் தின்கின்றன, வெளியே தெரியாது. ஒரு பெரிய மோதலைத் தாங்கிய பட்டை அடுத்ததைத் தாங்காது. நம் ஊர் வெயிலில் மூடிய காருக்குள் கிடந்த பெல்ட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நண்பர் நல்லவராக இருக்கலாம், லேபிளில் உள்ள வருடம் முடிந்துவிட்டால் அது குப்பை.

வாங்கும் முன் லேபிளில் தர எண், தயாரித்தவர் பெயர், வரிசை எண், காலாவதித் தேதி நான்கையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எஃப்ஐஏ அங்கீகரித்த பொருள்களின் பட்டியல் அதன் இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது, அதில் ஒப்பிடுங்கள். ஏற்கெனவே போலி வாங்கி ஏமாந்தவர்களுக்கு: விளம்பரத்தில் சொன்னதுபோல் இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று 2020 மின்வணிக விதிகள் சொல்கின்றன. விளம்பரப் பக்கத்தை உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், புகார் போனதும் அதை மாற்றிவிடுவார்கள்.

கேள்வி (பொள்ளாச்சி): ராணுவ ஏலத்தில் வந்த ஜிப்ஸி ஒன்று விற்பனைக்கு இருப்பதாக வீடியோவில் பார்த்தேன். வேறு யாரும் முந்திக்கொள்வதற்குள் முடித்துவிட வேண்டும் என்று ஜிபேயில் 40,000 அட்வான்ஸ் அனுப்பினேன். ஆர்சி ‘வந்துகொண்டிருக்கிறது’ என்கிறார். என்ன பார்க்க வேண்டும்?

பணம் அனுப்பும் முன் கேட்க வேண்டிய கேள்வி. காரைப் பார்க்கவில்லை, ஆர்சி பார்க்கவில்லை, விற்பவரின் முகவரி தெரியாது, ஆனால் பணம் போய்விட்டது. இப்படி எழுதுகிறவர்களுக்கு என்ன சொன்னாலும் அடுத்த வீடியோவுக்கு மறுபடி அனுப்புகிறார்கள்.

மேற்கொண்டு ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். ஜிப்ஸி ராலிக்கு நல்ல வண்டிதான், உதிரி பாகமும் பழகிய மெக்கானிக்கும் கிடைப்பார்கள். ஆனால் ராணுவ வண்டிக்கு ஏலத்தில் எடுத்ததற்கான விடுவிப்புக் காகிதம் இருந்தால்தான் ஆர்டிஓவில் பதிய முடியும். அந்தக் காகிதத்தையும் சேஸிஸ் எண்ணையும் நேரில் போய் ஒப்பிடுங்கள். ஒப்பிட மறுத்தால் அட்வான்ஸைத் திருப்பிக் கேளுங்கள், தராவிட்டால் 1930 என்ற சைபர் குற்ற எண்ணுக்குத் தாமதமின்றிப் போன் செய்யுங்கள். நாள் தள்ளினால் பணத்தை முடக்கும் வாய்ப்பு போய்விடும்.

கேள்வி (திருச்சி): ஒரு மைதானத்தில் நடந்த நேரப் போட்டியில் என் கார் டிரம்மில் மோதி, இன்ஜின் அடியில் உள்ள ஆயில் சம்ப் உடைந்தது. இன்ஷூரன்ஸ் மறுத்துவிட்டது. ரோட்டில் நடந்ததாக எழுதிக் கொடுக்கலாம் என்கிறார் ஏஜென்ட்.

எழுதிக் கொடுக்காதீர்கள். அது மோசடி, மாட்டுவது நீங்கள், ஏஜென்ட் இல்லை. கார் பாலிசியில் ‘பயன்பாட்டு வரம்பு’ என்ற பகுதியில் பந்தயம், வேகச் சோதனை, நம்பகச் சோதனை எல்லாம் விலக்கு என்று அச்சிட்டே இருக்கிறது. டிஎஸ்டி ஓட்டுகிறவர்களும் இதைப் படிக்க வேண்டும். அது பந்தயம் இல்லை என்று நாம் சொல்வோம், நம்பகச் சோதனை என்று கம்பெனி சொல்லக்கூடும். போட்டிக்கு முன்பே மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்கி வையுங்கள்.

உங்களுக்கும் அடிபட்டிருந்தால் ஒரு விஷயம்: மருத்துவ பாலிசிகளில் உள்ள பொது விலக்கு, சாகச விளையாட்டில் ‘தொழில்முறையாக’ ஈடுபடுவோருக்குத்தான். மோட்டார் பந்தயம் அந்தப் பட்டியலில் இருக்கிறது, ஆனால் நீங்கள் அமெச்சூர். மறுத்தால் அந்தச் சொல்லைக் காட்டி வாதாடுங்கள். விபத்துப் பாலிசிகளின் வாசகம் வேறு, அதைத் தனியாகப் படியுங்கள்.

கேள்வி (மதுரை): தம்பி ஓட்டுகிறான், என்னை நேவிகேட்டராக வரச் சொல்கிறான். ஓட்டத் தெரியாத எனக்கு எதற்கு அவ்வளவு விலையில் ஹான்ஸும் சூட்டும் என்று வீட்டில் கேட்கிறார்கள்.

கார் மோதினால் இரண்டு சீட்டும் ஒரே நேரத்தில்தான் நிற்கும், அக்கா. தம்பிக்கு என்ன தரமோ உங்களுக்கும் அதே தரம், லைசென்ஸும் வேண்டும். தோளில் உட்காரும் ஹான்ஸ், ஹெல்மெட்டை வாரால் பிடித்துக் கழுத்து முன்னால் பாய்வதைத் தடுக்கிறது. அதை மாட்டும் கொக்கி உள்ள ஹெல்மெட்டாக வாங்குங்கள், பின்னால் ஓட்டை போட்டுப் பொருத்த முயல வேண்டாம். இன்டர்காம் இருவருக்கும் ஒரே கம்பெனியாக இருந்தால் பொருத்தப் பிரச்சினை வராது. வாங்கும் முன் ஒரு மலைப் பாதையில், ஓடும் காரில் குனிந்து அரை மணி நேரம் படித்துப் பாருங்கள். வாந்தி வருகிறவர்கள் பலர். பேஸ் நோட்ஸ் என்ற வளைவுக் குறிப்புகளை இப்படிக் குனிந்து படிப்பதுதான் நேவிகேட்டரின் வேலை.

தம்பியின் பட்ஜெட் ஒரு சூட்டுக்குத்தான் போதும் என்றால், இரண்டாவது வாங்கும் வரை இருவரும் டிஎஸ்டி ஓட்டுங்கள்.