கமராவுக்கு முன்னால் இருந்தது யார்?

கேள்வி: என் மகனுக்கு 17 வயது. உயர்தரத்தில் வணிகப் பிரிவு படிக்கிறான். லண்டனில் இருக்கும் என் தம்பி ரியூசனுக்கு அனுப்பிய காசில் 38,000 ரூபாயைக் கைப்பேசியில் கிரிக்கெட் பந்தயம் கட்டித் தோற்றுவிட்டான். என் அடையாள அட்டையைப் படமெடுத்துத்தான் கணக்குத் திறந்தானாம். ஒருநாள் "அம்மா, கமராவைப் பாருங்கோ, ஒருக்கா கண்ணை மூடித் திறவுங்கோ" என்றான். வங்கி வேலை என்று நினைத்துச் செய்தேன். பிள்ளைகள் சூதாடக்கூடாது என்று வயதுக் கட்டுப்பாடு இல்லையா? அதை யார் பார்ப்பது?
- ஒரு தாய், கொக்குவில்

பதில்: அன்புள்ள சகோதரி, அந்த ஒரு நிமிடத்தை நினைத்து உங்களையே நொந்துகொண்டு எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். பிள்ளை கேட்டால் எந்தத் தாயும் அதைத்தான் செய்திருப்பாள். ஆனால் உங்கள் கேள்விக்கான பதிலும் அந்த நிமிடத்துக்குள்தான் இருக்கிறது.

வயதுக் கட்டுப்பாடு இருக்கிறது. உங்கள் தம்பி வாழும் நாட்டில் 18. அங்கே 16 வயதிலேயே தேசிய லொத்தர் சீட்டு வாங்கலாம் என்றிருந்ததை 2021இல் 18 ஆக உயர்த்தினார்கள். இணையத்தில் சூதாட்டம் நடத்துவோர் வயதை உறுதி செய்த பிறகே காசு வாங்கலாம் என்பது 2019 மே முதல் அங்கே விதி. சிங்கப்பூரில் கசினோவுக்குள் போக 21. நம் நாட்டில் சிகரெட்டுக்கும் மதுவுக்கும் 21 என்கிறது 2006ஆம் ஆண்டுச் சட்டம். சூதாட்டத்தைக் கவனிக்கவென்று ஓர் அதிகார சபையை அமைக்கும் சட்டம் 2025 ஆகஸ்டில்தான் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. இணையச் சூதாட்டமும் அதற்குள் வருகிறது.

சரி, யார் பார்ப்பது? உங்கள் மகன் சந்திக் கடையில் சிகரெட் கேட்டால் கடைக்கார அண்ணை முதலில் முகத்தைப் பார்ப்பார். சந்தேகம் என்றால் அடையாள அட்டையைக் கேட்பார். புதிய அட்டை இலக்கத்தில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. வயதைக் கணக்கிட ஒரு நொடி போதும். "கொம்மாட்டைச் சொல்லட்டோ?" என்றும் ஒரு வார்த்தை சேர்த்துக் கேட்பார். சட்டத்தைவிட அந்த வார்த்தைக்குத்தான் நம் பிள்ளைகள் பயம்.

கைப்பேசியில் அந்த அண்ணை இல்லை. அட்டையில் உள்ள முகமும் கமராவுக்கு முன்னால் உள்ள முகமும் ஒன்றா, இருப்பது உயிருள்ள ஆளா, படத்தைக் காட்டுகிறார்களா என்று பார்க்கத்தான் கண்ணை மூடித் திறக்கச் சொன்னது. எல்லாம் சரியாகவே இருந்தது, ஏனென்றால் அங்கே இருந்தது நீங்கள். அதற்குப் பிறகு போன் யார் கைக்குப் போனது என்று அந்தப் பந்தயச் செயலி கேட்கவில்லை.

ஆகவே அந்தக் கணக்கு உங்கள் பெயரில் இருக்கிறது. இன்றைக்கே மகனைப் பக்கத்தில் இருத்தி, அவனைக் கொண்டே அதைத் திறக்கச் சொல்லுங்கள். காசு போட்ட திகதி, தொகை எல்லாவற்றையும் படமெடுத்து வையுங்கள். "17 வயதுப் பிள்ளை என் அட்டையால் திறந்த கணக்கு இது, மூடுங்கள், கட்டிய காசைத் திருப்பித் தாருங்கள்" என்று அந்த நிறுவனத்துக்கு எழுதுங்கள். பிரித்தானியாவில் உரிமம் பெற்ற நிறுவனம் என்றால், 18க்குக் குறைந்தவர் கட்டிய காசைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று 2005ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. குராசோ போன்ற ஏதாவது தீவில் பதிந்த நிறுவனம் என்றால் அந்தக் காசை நம்பி இருக்காதீர்கள். எதுவானாலும் கணக்கு மூடப்பட வேண்டும். வங்கிக்குப் போய், காசு கட்டப் பாவித்த வங்கி அட்டையை நிறுத்திப் புதியது எடுங்கள். போனுக்கு வரும் இரகசிய எண்ணை இனி நீங்களே வாசியுங்கள், அவனிடம் போனைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லாதீர்கள்.

தம்பியிடம் மறைக்க வேண்டாம். மகனே அவருக்குப் பேசிச் சொல்லட்டும். அடிக்க வேண்டாம், ஊருக்குச் சொல்லவும் வேண்டாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: "இன்னொரு மட்ச், விட்டதைப் பிடிச்சிடுவன்" என்று அவன் சொல்கிறானா? இரவில் நித்திரை இல்லாமல் போனோடு இருக்கிறானா? அப்படியென்றால் 1926க்கு அழையுங்கள். அது தேசிய மனநல உதவி இலக்கம். முதலில் நீங்கள் தனியாகப் பேசலாம், அவனைப் பிறகு கூட்டிப் பேச வைக்கலாம்.

கணக்கு மூடியதாகப் பதில் வந்ததும் எனக்கு எழுதுங்கள்.