மேடைக்கு மணி வரலாமா?

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். இன்னும் இரண்டு மாதத்தில் எனக்குத் திருமணம். எங்கள் வீட்டு நாய் மணிக்கு ஒன்பது வயது. நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு குட்டியாக வந்தவன். அவன் இல்லாத திருமண ஆல்பத்தை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. மோதிரப் பெட்டியை அவன் கழுத்தில் கட்டி மேடைக்கு நடத்தி வரலாம் என்று புகைப்படக்காரர் யோசனை சொல்கிறார். அப்பா வேண்டாம் என்கிறார். மாப்பிள்ளை வீட்டில் ஒரு பெரியம்மாவுக்கு நாய் என்றாலே பயம். மணியும் கூட்டத்துக்குப் பழகியவன் இல்லை. என்ன செய்யட்டும்?
– மணமகளாகப் போகும் வாசகி

பதில்: கூட்டத்துக்குப் பழகியவன் இல்லை என்பதைக் கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதல் வரி. மணி உங்கள் திருமணத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். மேடையில் மட்டும் வேண்டாம்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் என் மகளின் திருமணத்தில் எங்கள் நாய் செவலையை மேடையேற்றினோம். அந்தப் படம் இன்றும் எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் ‘எவ்வளவு அழகாகச் சிரிக்கிறது!’ என்கிறார்கள். அது சிரிப்பு அல்ல. வாய் அகலத் திறந்து நாக்கு தொங்குகிறது. காதுகள் தலையோடு ஒட்டிக் கிடக்கின்றன. முகம் ஒரு பக்கமும் பார்வை மறுபக்கமுமாக இருப்பதால் கண்ணின் வெள்ளை பிறைபோலத் தெரிகிறது. வால் கால்களுக்கு நடுவே. ஓடவும் இல்லை, வெயிலிலும் இல்லை. குளிரூட்டிய அறையில் ஒரு நாய் அப்படி மூச்சிரைக்கிறது என்றால் அது அஞ்சுகிறது. இதே அடையாளங்களை எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்த நான், என் சொந்த நாய் பத்தடி தூரத்தில் நின்று சொன்னதைக் கேட்காமல் விருந்தினரை வரவேற்றுக்கொண்டிருந்தேன். அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

மணியின் இடத்தில் நின்று பாருங்கள். நம் காதுக்கு ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸுடன் ஒலி முடிந்துவிடுகிறது. நாய்க்கு ஏறத்தாழ 45,000 வரை கேட்கும். ஒலிபெருக்கியிலிருந்து நம்மை எட்டாத கீச்சொலிகளும் அவனை எட்டும். காலடியில் முன்பின் அறியாத நூற்றுக்கணக்கான செருப்புகள். ஓடிப்போய் ஒட்டிக்கொள்ள நீங்கள் இருக்கிறீர்கள் என்றால், அன்று நீங்களே அவனுக்குப் புது ஆளாக மணப்பீர்கள். புதுத் துணி, வாசனைத் திரவியம், தலைமுடிக்கு அடித்த ஸ்பிரே எல்லாம் சேர்ந்து அவனுக்குத் தெரிந்த உங்கள் வாசனையை மூடிவிடும்.

அதனால் மணிக்கென்று அரை மணி நேரத்தைத் தனியாக ஒதுக்குங்கள். திருமண நாள் காலையில், உறவினர்கள் வந்து சேருவதற்கு முன், வீட்டிலேயே. அலங்காரம் முடிந்தும் வாசனைத் திரவியம் பூசுவதற்கு முன்புமாக அந்த நேரம் அமைந்தால் மிக நல்லது. அதற்குள் அவன் நடந்துவிட்டு வந்து, சிறிது சாப்பிட்டு, ஒரு முறை படுத்து எழுந்திருக்க வேண்டும். மாப்பிள்ளையும் வந்து சேர்ந்துகொள்ளலாம். ஆனால் அவரை மணி அதற்கு முன்பே பலமுறை பார்த்துப் பழகியிருக்க வேண்டும்.

புகைப்படக்காரரிடம் சில விஷயங்களைப் பேசிவிடுங்கள். ஒரு வாரம் முன்னதாக அவர் வீட்டுக்கு வந்து, கேமராவைத் தரையில் வைத்து, மணி அதை முகர்ந்து பார்க்கட்டும். படம் எடுக்கும்போது அவர் தரையில் உட்கார வேண்டும். லென்ஸ் நாயின் கண் மட்டத்தில் இருந்தால்தான் படத்தில் முகம் முகமாக வரும். பெரிய லென்ஸை நேராக முகத்தருகே நீட்டினால், யாரோ முறைத்துப் பார்ப்பதாகவே நாய்க்குத் தோன்றும். தள்ளி உட்கார்ந்து நீள லென்ஸில் எடுக்கலாம். ஃபிளாஷ் வேண்டாம். நாயின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று இருக்கிறது. ஃபிளாஷ் பட்டால் கண் பச்சையாக எரிவதுபோலப் பதியும். ஜன்னல் ஓரத்து வெளிச்சம் போதும். மணி கறுப்பு நிறம் என்றால் அந்த வெளிச்சம் இன்னும் அவசியம். இல்லாவிட்டால் வெளிர்நிறத் துணிக்குப் பக்கத்தில் அவன் வெறும் நிழலாகிவிடுவான். அவன் உட்கார்ந்திருந்தால் ஷட்டர் வேகம் 1/250 நொடி போதும்; நடந்தால் 1/500க்கு மேல் வைக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. காது தூக்கிய முகம் வேண்டும் என்று ஆளாளுக்கு ‘மணி, மணி’ என்று கூப்பிடாதீர்கள். புது ஓசைக்கு நாய் இரண்டு மூன்று முறைதான் காதைத் தூக்கும், பிறகு சலித்துவிடும். ஓசை எழுப்பும் பொம்மையை ஒருவர் மட்டும் கையில் வைத்துக்கொண்டு, கேமரா தயாரான பிறகு அமுக்கட்டும்.

மோதிரத்தை அவன் கழுத்தில் கட்ட வேண்டாம். விழுங்கிய பொருளை நாயின் வயிற்றைத் திறந்து எடுத்த அனுபவம் எனக்கு உண்டு. உங்கள் திருமண நாளில் அப்படி ஒரு அறுவை வேண்டாம். படத்துக்காக வெறும் பெட்டியைக் கட்டலாம்.

இத்தனைக்குப் பிறகும் மண்டபத்துக்கு ஒரு நடை அழைத்துப்போக மனம் கேட்டால், அன்று முழுவதும் மணிக்கென்று ஒரு ஆளை நியமியுங்கள். அவருக்கு வேறு எந்த வேலையும் தரக்கூடாது. மணி நன்கு அறிந்தவராகவும், யாரிடமும் அனுமதி கேட்காமல் அவனை வீட்டுக்குக் கூட்டிப்போகும் உரிமை உள்ளவராகவும் அவர் இருக்க வேண்டும். பயந்த நாய் பின்னோக்கி இழுத்தால் கழுத்துப்பட்டையிலிருந்து தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும். ஆகவே மார்போடு அணியும் பட்டையும் நீளம் மாறாத கயிறும் வேண்டும். தொலைபேசி எண் பொறித்த வில்லை கழுத்தில் இருக்கட்டும். அடையாளத்துக்காகத் தோலுக்கு அடியில் மைக்ரோசிப் வைத்திருந்தால் அதன் 15 இலக்க எண்ணோடு பதிவான முகவரி சரியா என்று பாருங்கள். பட்டாசு உண்டென்றால் மண்டபப் பேச்சையே எடுக்க வேண்டாம்.

விருந்தினர்கள் அன்பில் எதையாவது ஊட்டுவார்கள். சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம் சேர்ந்த பண்டம், சைலிட்டால் என்ற இனிப்புப்பொருள் கலந்த சர்க்கரையில்லா மிட்டாய் எல்லாமே நாய்க்கு நஞ்சு. அலங்காரத்திலும் கவனம் வேண்டும். அரளி இதயத்தைத் தாக்கும். சைக்கஸ் செடி, அதிலும் அதன் விதை, கல்லீரலைக் கெடுக்கும்.

மாத்திரை கொடுத்து அமைதிப்படுத்தி மேடையேற்றலாமா என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கூடாது. சில மருந்துகள் உடலை மட்டுமே அடக்கும். உள்ளே அச்சம் அப்படியே இருக்கும், அதைக் காட்டும் வழிதான் அடைபட்டுப்போகும். அதோடு ஒன்பது வயது நாய்க்கு இதயத்தையும் மூட்டுகளையும் பார்க்காமல் எந்த மருந்தும் தருவது தவறு.

பெரியம்மாவின் பயத்தை மதியுங்கள். ‘மணி மண்டபத்துக்கு வரமாட்டான்’ என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவர் நிம்மதியாக வருவார். அப்பாவும் சம்மதிப்பார் என்று நினைக்கிறேன்.

திருமணத்துக்குப் பிறகு நீங்கள் வேறு வீட்டுக்குப் போவதானால், நீங்கள் உடுத்திய பழைய துணி ஒன்றைத் துவைக்காமல் அவன் படுக்கையில் விட்டுச் செல்லுங்கள். உங்களை அவன் வாசலில் தேடுவான்.

கேள்வி: எங்கள் நாய்க்குத் திருமணத்துக்காகக் கோட்டு தைத்திருக்கிறோம். வாலுக்குச் சிவப்புச் சாயம் பூச மகன் ஆசைப்படுகிறான். செய்யலாமா?
– ஒரு தந்தை

பதில்: மனிதர்களின் தலைச்சாயம் நாயின் தோலைப் புண்ணாக்கும், நக்கினால் வயிற்றுக்குள் போகும். வேண்டவே வேண்டாம். மகனிடம் இதையும் சொல்லுங்கள்: நாயின் கண்ணுக்கு நீலமும் மஞ்சளும்தான் நன்றாகத் தெரியும், சிவப்பு மங்கிய பழுப்பாகவே தெரியும். கோட்டை இன்றே வீட்டில் போட்டுப் பாருங்கள். அசையாமல் சிலைபோல நின்றுவிட்டால் பிடித்துவிட்டது என்று எண்ணாதீர்கள். பிடிக்கவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம். நாய்க்குப் பாதத்தில்தான் கொஞ்சம் வியர்க்கும், மற்றபடி மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். பக் போன்ற தட்டை மூக்கு நாய்க்கு அதுவும் கடினம் என்பதால் கோட்டே கூடாது. கழுத்தில் தளர்வாகக் கட்டிய மஞ்சள் கைக்குட்டை ஒன்று போதும்.

கேள்வி: பதினான்கு ஆண்டுகள் எங்களோடு இருந்த நாய் இருபது நாளுக்கு முன் இறந்துவிட்டது. அடுத்த வாரம் தம்பிக்குத் திருமணம். ஆல்பத்தில் அதற்கும் ஒரு பக்கம் வேண்டும் என்கிறான். நல்ல காரியத்தில் துக்கத்தைக் கொண்டுவராதே என்கிறார்கள் உறவினர்கள்.
– ஒரு அக்கா

பதில்: தம்பி கேட்பதைச் செய்யுங்கள். துக்கம் ஏற்கெனவே அவனோடுதான் மேடைக்கு வரப்போகிறது. ஆல்பத்தில் ஒரு பக்கம் கொடுப்பதால் அது கூடிவிடாது. பழைய படத்தை வெட்டிக் குடும்பப் படத்துக்குள் கணினியில் ஒட்டித் தருவதாகச் சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை, நிழல் ஒரு பக்கமும் வெளிச்சம் ஒரு பக்கமுமாக அது அந்நியமாக நிற்கும். சேறு பூசிய காலோடோ, அரைத்தூக்கத்திலோ, அது அதுவாகவே இருந்த படம் ஒன்றைத் தேடி எடுங்கள். அதற்கு எதிர்ப்பக்கத்தில் புதுப் படம் ஒன்று வரட்டும்: அது வழக்கமாகப் படுத்திருந்த இடத்தில், திருமண உடையோடு தம்பி உட்கார்ந்திருக்க வேண்டும். கையில் அதன் கழுத்துப்பட்டை. கழுவ வேண்டாம், முடி ஒட்டியிருந்தால் இருக்கட்டும். படம் எடுத்து முடித்ததும் அதை யாரும் வாங்கி வைக்காதீர்கள். அவன் தன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு மண்டபத்துக்குப் புறப்படட்டும்.